கேன் மேல் ஒட்டிய குழாய்

மெஹருன்னிசா எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். என் தண்ணீர்தான்.

சாயங்கால ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி வேன்கள் பெண்களை இறக்கிவிட்டுப் போன நேரம். மேட்டுத் தெரு முழுக்க டிபன் பாக்ஸ் சத்தமும், ஷூ ஒட்டுகிற பேஸ்ட்டின் வாடையும். நான் கழுத்தில் துண்டும் கையில் நோட்டீஸ் கட்டுமாக அவர் வாசலில் கும்பிட்டபடி நின்றேன். பின்னால் என் தோஸ்த் அல்தாஃப். அவனுக்குப் பின்னால், டீ வாங்கித் தருவோம் என்பதற்காகவே கூட வந்த நாலைந்து பேர்.

வேலை விட்டு வந்தவர் முகம்கூடக் கழுவவில்லை. வாசலுக்கு வந்த ஆளுக்குத் தண்ணீர் தருவதுதான் முதல் மரியாதை என்று உள்ளே போனார். மூலையில் ஸ்டாண்டு மேல் எங்கள் கம்பெனி கேன் கவிழ்ந்திருந்தது. அதில் என் தேர்தல் சின்னம், தண்ணீர்க் குழாய். அதன் கீழே என் வாக்குறுதி: 'வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர். இனி கேன் வாங்க வேண்டாம்.'

கேனைக் கவிழ்த்து வைத்தால் ஸ்டிக்கரும் கவிழும் என்று ஒட்டும்போது எனக்குத் தோன்றவே இல்லை. குழாய் தலைகீழாகத் தொங்கியது. படத்திலிருந்த தண்ணீர் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் குடித்து முடிக்கும்வரை மெஹருன்னிசா பொறுமையாக நின்றார். காலி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பைப்புல தண்ணி வந்துட்டா உங்க கம்பெனி இன்னா ஆவும்?"

நோட்டீஸை அவர் கையில் திணித்தேன். ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்று சொல்வதுதான் சரி.

காலில் சக்கரம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரு தொழிலில் நிலைத்தவன் இல்லை. "உனக்குக் காலுல சக்கரம்டா" என்று அப்பா சொல்லுவார். திட்டுகிறாரா, பெருமைப்படுகிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பம் ஷூ ஃபேக்டரி கட்டிங் செக்‌ஷன். தோலை விரித்து, தழும்பு எங்கே, உண்ணி கடித்த குறி எங்கே என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, நல்ல இடமாகப் பார்த்து வெட்டுகிற வேலை. அதில் சூப்பர்வைசர் ஆனதும் அலுத்துவிட்டது. வெளியே வந்து நாலு மெஷின் போட்டு ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். அதற்கு அல்தாஃப் கூட்டாளி. பிறகு பேஸ்ட் ஏஜென்சி. பிறகு அணைக்கட்டுப் பக்கம் கோழிப் பண்ணை. அந்தக் கதையைத்தான் போன வாரம் எழுதினேன். கோழிக்கு என்ன சீக்கு என்று கேட்டு இரண்டு வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். சீக்கு எனக்குத்தான் ஐயா, கோழிக்கு இல்லை.

நடுவில் ஹைவேயில் ஒரு பிரியாணிக் கடையும் வைத்தேன். பிரியாணிக்குப் பேர்போன எங்கள் ஆம்பூரில் பிரியாணிக் கடை வைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஒரு நாள் பெங்களூர் போகிற கார்க்காரர் ஒருவர் கறி வேகவில்லை என்று சத்தம் போட்டார். கறி வெந்திருந்தது. "உங்களுக்குப் பிடிக்காத அடுப்பு நாளைக்கு எரியாது" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன். மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்தக் கார்க்காரர் திரும்பி வந்து பார்க்கப் போகிறாரா என்ன? எனக்கு மட்டும் அது சொன்ன சொல்லாகிவிட்டது. பிரியாணி டேக்சாவை விற்றுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடப் போய்விட்டேன்.

இதை வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. என் மனைவி எஸ்தர் இதற்கு வைத்த பெயர் வேறு. அதை வார இதழில் எழுத முடியாது.

ஓடிப் போகாத தொழில்

தண்ணீர் கம்பெனி யோசனையும் என்னுடையதுதான். ஆனால் அதை நடத்தியவள் எஸ்தர்.

எங்கள் ஊரில் போர் போட்டால் தண்ணீர் வரும். வாயில் வைக்க முடியாது. தோல் ஊறிய ஊரின் அடித் தண்ணீர் அப்படி. துணி துவைத்தால் விறைக்கும், டீ போட்டால் திரியும். ஊர்க் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற தெருக்களும் உண்டு. எங்கள் மேட்டுத் தெருவில் குழாய் இருந்தது, தண்ணீர்தான் அவ்வளவு உயரம் ஏறாது. உப்பை வடிகட்டிக் கேனில் அடைத்து விற்றால் என்ன என்று ஒரு காலையில் தோன்றியது. மத்தியானத்துக்குள் இடம் பார்த்துவிட்டேன்.

எஸ்தர் அப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். என்னை நம்பி இதை விட்டால் ஆறு மாசத்தில் கேனில் கோழி வளர்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு வந்து பிளான்ட்டில் உட்கார்ந்தாள். லைசென்ஸ் அவள் பெயரில் எடுத்தோம். தெருப் பெண்கள் ஆறு பேரை வேலைக்கு வைத்தாள். எல்லாரும் பேஸ்ட் வாடை ஒத்துக்கொள்ளாமல் ஃபேக்டரியை விட்டு நின்றவர்கள்.

பேனா மாதிரி ஒரு மீட்டர் உண்டு. தண்ணீரில் முக்கினால் உப்பு எவ்வளவு என்று நம்பர் காட்டும். தினமும் முதல் லோடு கிளம்புவதற்கு முன் அதை அவளே முக்கிப் பார்ப்பாள். நம்பர் ஏறியிருந்தால் வண்டி கிளம்பாது, நான் எவ்வளவு கத்தினாலும் கிளம்பாது. நான் ஆரம்பித்ததில் ஓடிப் போகாமல் நின்ற ஒரே தொழில் அதுதான்.

நிற்கிற ஆசை

அப்புறம் ஏன் எலெக்‌ஷனில் நின்றாய் என்று கேட்பீர்கள்.

ஒரு கோடையில் பிளான்ட் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. சரிசெய்து வருவதற்குள் தெரு தவித்துப்போனது. வாசலில் குடத்தோடு வந்து நின்ற பெண்களில் ஒருத்தி, "உன் தண்ணி இல்லாங்காட்டி நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டாள். கேட்டதும் முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. ஆகா, ஒரு தெருவே நம்மை நம்பியிருக்கிறது என்று நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயமாகிவிட்டது. என்னை நம்பி ஒரு தெருவா? என்னையா?

பாதிக் காரணம் அது. மீதிப் பாதி அரிப்பு. மாலை விழுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

வார்டு கவுன்சிலர் தேர்தல் வந்ததும் சுயேச்சையாக மனுப் போட்டேன். எதிரில் நின்றவர்களில் பெரிய ஆள் தனபால். ஏற்கெனவே கவுன்சிலர், கட்சி பலம் உள்ளவர். தண்ணீர் கொண்டு வருவேன் என்று அவரும் சொன்னார். எல்லாரும் சொல்வதுதான். சின்னம் ஒதுக்கும்போது குழாய் கிடைத்தது. எனக்குக் குதிக்காத குறை. தெருவில் என் கேன் இல்லாத வீடு இல்லை. கேனிலேயே சின்னத்தை ஒட்டினால் வீட்டுக்குள்ளேயே பிரச்சாரம். தனபாலால் இதைச் செய்ய முடியுமா?

சாதாரணப் பசை தண்ணீர் பட்டால் உரியும் என்று அல்தாஃப் சொன்னான். ஏஜென்சிக் காலத்துப் பேஸ்ட் டின்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டுகிற பேஸ்ட். மழையில் நடந்தாலும் பிரியாது. எஸ்தர் அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கணியம்பாடி போயிருந்தாள். நானும் அல்தாஃபும் உட்கார்ந்து, இருந்த கேன் அத்தனையிலும் ஒட்டித் தள்ளினோம். செருப்புத் தைக்கிற ஊர்க்காரன் ஒட்டினால் எப்படி ஒட்டுவானோ அப்படி ஒட்டினோம்.

எஸ்தர் திரும்பி வந்தவள் ஒரு கேனை மோந்து பார்த்தாள். "ஃபேக்டரில நாள் பூரா இந்த வாடையில உக்காந்துட்டு வர்றாங்க. வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சா அதுலயும் இதே வாடையா?" என்றாள். பிறகு அந்த ஆறு பெண்களும் தின்னர், தேங்காய் நார் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். வாடை போனது. குழாய் போகவில்லை.

மைக்கில் சொன்னது

ஃபேக்டரி வேனில் ஏறுகிற சேதி இறங்குவதற்குள் ஊரைச் சுற்றிவிடும். மெஹருன்னிசா கேட்ட கேள்வி மறுநாள் வேனில் ஏறியது. அதற்கு மறுநாள் ஒவ்வொரு வாசலிலும் அது எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது. சிலர் கேட்டார்கள், சிலர் கேட்காமல் கேனைப் பார்த்தார்கள். பார்த்தவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

"எதனா ஒரு பதில் சொல்லிட்டுப் போயேன்டா, இதுக்குப் போய் இவ்ளோ பேஜாரா?" என்றான் அல்தாஃப். கம்பெனியைச் சின்னதாக்குவேன், கேன் விலையைக் கம்மி பண்ணுவேன், இப்படி எதையாவது சொல்லச் சொன்னான். நல்ல யோசனைகள்தான். ஆனால் தெருமுனையில் மைக்கைக் கையில் வாங்கியபோது அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"எல்லாரும் கேக்கறீங்க, கம்பெனி இன்னா ஆவும்னு. நான் ஜெயிச்ச மறுநாள் காலைல பிளான்ட்டுக்குப் பூட்டு போட்டுடுவேன். எங்க வீட்லயும் குடிக்கத் தண்ணி இருக்காது. அப்புறம் பைப்பு கொண்டாராம நான் தூங்குவனா?"

கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். ஆனால் தட்டிய முகங்களில் சிரிப்பு இருந்தது. நல்ல வசனம் பேசினால் கொட்டகையில் தட்டுவார்களே, அந்தத் தட்டல்தான். நான் மட்டும் சிரிக்கவில்லை. சொல்லியாகிவிட்டது, இனி அது சொன்ன சொல்.

ஒலிபெருக்கியை பிளான்ட் இருக்கிற பக்கமாகத்தான் கட்டியிருந்தோம்.

மறுநாள் காலை நான் போனபோது எஸ்தர் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி அருகில் நின்றிருந்தாள். கேன் கழுவுகிற பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"மைக்ல சொன்னது இங்க வரைக்கும் கேட்டுது. ஜெயிச்சா நெஜமாவே பூட்டிடுவியா?" என்றாள்.

"சொல்லிட்டேனே."

"இவங்க ஆறு பேரு?"

வேறு ஏதாவது செய்யலாம் என்றேன். என் மனதில் அப்போதே ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எல்.ஈ.டி. பல்பு. அதை விளக்க ஆரம்பித்தேன். லைசென்ஸ் உன் பேரில் இருப்பதால் மூடுவதற்கு நீதான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். நான் முடித்ததும் மீட்டரைத் தண்ணீரில் முக்கினாள், நம்பரைப் பார்த்தாள், வண்டியை எடுக்கச் சொன்னாள்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அன்று மாலையிலிருந்து அவளும் என்னோடு ஓட்டுக் கேட்க வந்தாள். சர்ச்சுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, காலில் செருப்புக் கடிக்கக் கடிக்க, வீடு வீடாகக் கும்பிட்டாள். "எங்க வூட்டுக்காரருக்கு ஒரு ஓட்டு போடுங்க" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொழில் போனாலும் போகட்டும், இப்படி ஒருத்தி போதும் என்று அல்தாஃபிடம் சொன்னேன்.

உள்ளே வராத கேன்

ஓட்டுப் போடுகிற அன்று எஸ்தர் நல்ல புடவை கட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டு வந்தாள். விரலில் மை. போட்டாச்சா என்று கேட்டேன். போட்டாச்சு என்றாள்.

பூத்தில் வேலை செய்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று வழக்கம்போல் எங்களுக்குத்தான் சொல்லி அனுப்பினார்கள். வண்டி போன வேகத்தில் திரும்பி வந்தது. சின்னம் ஒட்டியதை உள்ளே விடமாட்டேன் என்று வாசலிலிருந்த போலீஸ்காரர் சொல்லிவிட்டார். சாக்கைச் சுற்றி அனுப்பினோம். சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பினார். சின்னம் இல்லாத கேன் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. நான் ஒட்டிய ஒட்டு அப்படி. அன்று பூத்துக்கு வேறு எங்கிருந்தோ தண்ணீர் போனது. மேட்டுத் தெருவில் என் தண்ணீர் நுழையாத ஒரே இடம் நான் நின்ற பூத்துதான்.

மூன்றாவதாக வந்தேன். தனபால் ஜெயித்தார்.

தெருவில் யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மெஹருன்னிசா வாசலைத் தாண்டும்போது அவரே கூப்பிட்டார்.

"உங்களுக்குப் போடலண்ணே. நான் பொய் சொல்லக்கூடாது பாருங்க. ஓடற கம்பெனிய யாரு மூடுவாங்க? அத சொல்லாமலே இருந்திருந்தீங்கன்னா போட்டிருப்பேன்."

மூடியிருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. தோற்றவன் சொல்லி என்ன பிரயோஜனம்? தலையாட்டினேன். சாயங்காலம் ரெண்டு கேன் அனுப்பச் சொன்னார்.

அதற்கப்புறம் பல்பு, அப்புறம் ஸ்கூல் வேன், அப்புறம் இன்னும் ஏதேதோ. அவை வேறு வாரங்களுக்கு. எஸ்தர் பாட்டுக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தாள். குழாய் ஒட்டிய கேன்கள் தெருவைச் சுற்றிக்கொண்டே இருந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் மூலையில் தலைகீழாக நின்று என்னைப் பார்க்கும்.

தண்ணீர் ஏறியது

தண்ணீர் கடைசியில் வந்தது. தனபால்தான் கொண்டு வந்தார். மேட்டில் ஒரு தொட்டி கட்டி, மோட்டார் வைத்து ஏற்றிவிட்டார்கள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை காலம் என்று மனசு பொருமியது. பொறாமைதான், வேறென்ன.

எங்கள் வாசல் குழாயில் முதல் தண்ணீர் வந்த காலை, தெருவே வெளியில் நின்றது. முதலில் காற்று வந்தது. பிறகு துரு. பிறகு தெளிந்தது. எஸ்தர் மீட்டரை எடுத்து வந்து டம்ளரில் முக்கிப் பார்த்தாள். குடித்தாள். "உப்பு இல்ல" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஃபேக்டரி கேன்டீன்களுக்கு கேன் போட ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஆறு பெண்களில் ஒருத்திக்கும் வேலை போகவில்லை.

குடத்தைக் குழாயடியில் வைத்தாள். அது நிரம்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் ஜெயித்திருந்தால் இது எப்போதோ வந்திருக்கும், தெரு என்னை நம்பவில்லை, என்ன செய்வது என்று ஆரம்பித்தேன்.

"நானும் உனக்குப் போடல" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு வீடா என்கூட வந்தியே" என்றேன்.

"வந்தேன். நீ தோத்தா தெருவுல தனியா நிக்கக்கூடாதுன்னு வந்தேன். ஆனா உள்ள போனதும் கை வரல. ஊரே நீ சும்மா சொல்றன்னு நெனச்சுது. நீ பிரியாணி அடுப்ப அணைச்சத கூட இருந்து பாத்தவ நானு. நீ பூட்டிருப்ப. இந்தத் தெருவுல உன்ன நம்புனது நான் ஒருத்திதான். அதான் போடல."

குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூடிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். லோடு கிளம்புகிற நேரம், பிளான்ட்டுக்குப் போக வேண்டும்.

நான் குழாயடிக் கல்லின் மேல் உட்கார்ந்தேன். அல்தாஃப் வந்து கூப்பிட்டான், ஒரு புதுத் தொழில் பற்றிப் பேச. அப்புறம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.